பணம் வந்தது... பூட்டு வரவில்லை!

சிங்கப்பூரில் பி.ஆர் வாங்கி, வருடக்கணக்கில் வேலை பார்த்த ஒருவர் ஊருக்கே திரும்புகிறார் என்றால், அங்கே சேர்ந்த ஓய்வுக்காலப் பணத்தை முழுதாக எடுத்துக்கொண்டு வரலாம். அதற்கு அந்த பி.ஆர் அந்தஸ்தையே திருப்பிக் கொடுக்க வேண்டும். நீல நிற அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும். சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு நிரந்தரமாகப் போகிறேன், வேலைக்கோ வசிக்கவோ திரும்பும் எண்ணம் இல்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். பிறகுதான் கணக்கை மூடிப் பணத்தைக் கொடுப்பார்கள்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் 57 வயதில் இந்த முடிவுக்கு வந்தார். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவர். 1997-ல் சிங்கப்பூர் போனார். ஏஜென்ட்டுக்குக் கட்டப் பணம் போதாதபோது, அவருடைய அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்தார். 2001-ல் பி.ஆர் கிடைத்தது. அன்று முதல்தான் அவருக்கு சி.பி.எஃப் கணக்கு. அதற்கு முந்தைய நான்கு வருட உழைப்புக்கு அந்தக் கணக்கில் ஒரு காசு இல்லை.

இது பலருக்குத் தெரியாத விஷயம். சி.பி.எஃப் என்கிற மத்திய சேமநிதி, சிங்கப்பூர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் 'வொர்க் பர்மிட்'டில் போகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அவர்கள் சேர்ப்பதெல்லாம் கையில் வரும் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதுதான்.

தொட முடியாத பணம்

சி.பி.எஃப் 1955-ல், ஆங்கிலேயர் ஆட்சி இருந்தபோதே தொடங்கியது. நம் ஊர் பி.எஃப் மாதிரிதான், ஆனால் பிடித்தம் பெரிது. 55 வயது வரை தொழிலாளி சம்பளத்தில் 20 சதவிகிதம், முதலாளி தன் பங்குக்கு 17 சதவிகிதம். பி.ஆர் வாங்கிய முதல் இரண்டு வருடம் இந்த விகிதம் குறைவாக இருக்கும், பிறகு முழுதாகிவிடும். 3,000 டாலர் சம்பளக்காரருக்கு மாதம் 600 டாலர் பிடிப்பார்கள். முதலாளி 510 டாலர் போடுவார். ஆக மாதம் 1,110 டாலர்.

அந்தப் பணம் ஒரே பையில் விழாது. வீடு வாங்க உதவும் சாதாரணக் கணக்கு, முதுமைக்கான சிறப்புக் கணக்கு, வைத்தியத்துக்கான மெடிசேவ் கணக்கு என்று மூன்றாகப் பிரியும். சாதாரணக் கணக்குக்குக் குறைந்தபட்சம் 2.5 சதவிகிதம் வட்டி, மற்ற இரண்டுக்கும் 4 சதவிகிதம். 55 வயதானதும் ஓய்வுக்காலக் கணக்கு என்று ஒன்று திறந்து, முதுமைக்கு வேண்டிய தொகையை அதில் ஒதுக்கிவிடுவார்கள். 65 வயதில் அதிலிருந்து மாதாமாதம் பணம் வரத் தொடங்கும், ஆயுள் முழுக்க.

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் போய்ப் பூட்டிக்கொள்கிறதே என்று ஆரம்பத்தில் அவருக்கு எரிச்சல்தான். ஆனால், சில வருடங்களில் அந்தப் பூட்டின் அருமை வேறு விதமாகத் தெரிந்தது.

ஊரிலிருந்து போன் வரும். தம்பி ஜே.சி.பி வாங்கப் போகிறான், ஐந்து லட்சம் குறைகிறது. மச்சானுக்கு ரோட்டோரமாக ஒரு மனை அமைந்திருக்கிறது, பாதி போட்டால் போதும். சித்தப்பா பேரனுக்குக் காலேஜ் பீஸ். அவர் கையில் இருப்பதைக் கொடுப்பார். அதற்கு மேல் கேட்டால் ஒரே பதில்தான்.

"இருக்கு. எல்லாம் சி.பி.எஃப்ல மாட்டிக்கிட்டுக் கிடக்கு. 55 வயசு வரைக்கும் நானே தொட முடியாது."

யாரும் கோபித்துக்கொள்ள முடியாத பதில். மனசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் அரசாங்கமே விடமாட்டேன் என்கிறது, மனுஷன் என்ன செய்வார்? 24 வருடங்களாக அவருடைய சேமிப்பையும் உறவுகளையும் ஒருசேரக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

மகள் கேட்ட கேள்வி

55 வயது தாண்டியபோது அவர் கணக்கில் பெரிதாக எடுக்க வழியில்லை. 2023-ல் 55 ஆனவர்களுக்கு 'முழு ஓய்வுக்காலத் தொகை' 1,98,800 டாலர். அந்த அளவுக்குச் சேராதவர்கள் 5,000 டாலர் வரை எடுத்துக்கொள்ளலாம். மீதி 65 வயது மாத வருமானத்துக்காக உள்ளேயே இருக்கும்.

57-ல் வேலை முடிந்தது. ஏணி ஏறுகிற வேலைக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சர்க்கரையும் இருந்தது. அவர்கள் அங்கே வீடு வாங்கவில்லை, கடைசி வரை வாடகைதான். ஒரே மகள் அங்கேயே படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, சிங்கப்பூர் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். மூன்று வயதில் பேத்தி.

"இங்கேயே எங்ககூட இருந்திடுங்கப்பா. 65 வந்தா மாசாமாசம் உங்களுக்குப் பணம் வரும்ல?" என்றாள் மகள்.

"65-க்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கும்மா. அதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டுல உக்காந்து சாப்பிட முடியுமா?"

"சரி, ஊருக்குப் போங்க. கார்டை ஏன் கொடுக்கணும்? வச்சுக்கங்க."

அதிலும் ஒரு சிக்கல். பி.ஆர் உள்ளவர் வெளியே போய்த் திரும்பி வர 'மறுநுழைவு அனுமதி' வேண்டும். அதற்குக் கெடு உண்டு. கெடு முடியும்போது வெளிநாட்டில் இருந்து, புதுப்பிக்கப்படாமலும் போனால் பி.ஆர் தானாகப் போய்விடும். வேலை இல்லாமல், ஊரிலேயே இருக்கிறவருக்குப் புதுப்பித்துக் கொடுப்பார்கள் என்று உறுதி இல்லை.

இதைக் கேட்ட மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "அப்பா, கார்டைக் கொடுத்திட்டா நீங்க என்னைப் பாக்க வர்றதுக்கே விசா எடுக்கணும்பா."

உண்மைதான். இந்திய பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் போக விசா வேண்டும். 28 வருடம் வாழ்ந்த ஊருக்கு, தமிழிலும் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிற ஊருக்கு, இனி அவர் சுற்றுலாப் பயணி.

அவர் இரண்டு மாதம் யோசித்தார். முடிவில் அவரும் மனைவியும் குடிநுழைவு ஆணையத்துக்குப் போய் அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்று இரவு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

1 கோடியே 38 லட்சம்

அவருடைய எல்லாக் கணக்கும் சேர்த்து 2,10,000 டாலர். 2025-ல் டாலருக்கு 66 ரூபாய் வீதம் மாற்றியதில் 1 கோடியே 38 லட்சம் ரூபாய். சிங்கப்பூரில் இதற்கு வரிப் பிடித்தம் இல்லை. வீடு வாங்கியவர்களாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். சி.பி.எஃப்-பிலிருந்து வீட்டுக்கு எடுத்த தொகை, வீட்டை விற்கும்போது வட்டியோடு அதே கணக்குக்குத் திரும்பிப் போய், அங்கிருந்துதான் வெளியே வரும்.

"4 பர்சென்ட் வட்டியில இத்தனை வருஷம் போட்டு வச்சிருந்தியே, இங்க போட்டிருந்தா ரெட்டிப்பாயிருக்கும்" என்று மச்சான் சொன்னார். பல பேர் சொல்வதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

2000-ல் ஒரு சிங்கப்பூர் டாலர் சுமார் 26 ரூபாய். அன்று 100 டாலரை ரூபாயாக மாற்றி, 2,600 ரூபாயை 8 சதவிகித வட்டியில் 25 வருடம் போட்டிருந்தால் சுமார் 17,800 ரூபாய் ஆகியிருக்கும். அதே 100 டாலர் அங்கேயே 4 சதவிகிதத்தில் இருந்திருந்தால் 266 டாலர் ஆகியிருக்கும். 66 ரூபாய் வீதம் மாற்றினால் சுமார் 17,600 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வட்டியில் விட்டதை டாலர் மதிப்பு ஏறி ஈடுகட்டிவிட்டது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ரூபாயாக மாறிய நாளிலிருந்து அந்த ஈடுகட்டல் கிடையாது. இங்கே 7 சதவிகித வட்டி வருகிறதே என்று முழுதையும் செலவழித்தால், பத்து வருடம் கழித்து அசல் அப்படியே இருக்கும், விலைவாசி எங்கோ போயிருக்கும்.

பணத்தை அவர் ஊருக்குப் புறப்படும் முன்பே, வெளிநாட்டில் வசிப்பவர் என்ற நிலையில் இருக்கும்போதே, தன் என்.ஆர்.இ கணக்குக்கு அனுப்பிவிட்டார். ஊரில் தங்கிவிட்டது உறுதியானதும் வங்கியில் சொல்லி அதைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். என்.ஆர்.இ வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை வெளிநாட்டில் இருக்கும்வரை மட்டும்தான். டாலராகவே வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு, நிரந்தரமாகத் திரும்பியவர்களுக்கென்றே ஆர்.எஃப்.சி என்ற கணக்கு வங்கிகளில் இருக்கிறது.

நீண்ட காலம் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு வரித்துறையும் கொஞ்சம் அவகாசம் தருகிறது. முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாட்டில் வசித்தவராக இருந்தாலோ, முந்தைய 7 வருடத்தில் மொத்தமாக 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதிருந்தாலோ, ஆடிட்டர்கள் 'ஆர்.என்.ஓ.ஆர்' என்று சொல்லும் நிலை கிடைக்கும். அது நீடிக்கும்வரை வெளிநாட்டில் வரும் வட்டி போன்ற வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி கிடையாது.

வாசலில் வந்த வேண்டுகோள்கள்

காகித வேலைகளில் அவர் எங்கும் சறுக்கவில்லை. சிரமம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

சி.பி.எஃப் பணம் வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. தம்பி வந்தார், ஜே.சி.பி கடனை அடைக்க. மச்சான் வந்தார், பழைய மனைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. கோயில் கமிட்டி வந்தது, கும்பாபிஷேகத்துக்கு ஒரு கோபுர உபயம். வங்கியிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வீட்டுக்கே வந்து, வருடம் 10 லட்சம் வீதம் ஐந்து வருடம் கட்டினால் போதும், பத்தாவது வருடம் ராஜா மாதிரி இருக்கலாம் என்று ஒரு இன்ஷூரன்ஸ் திட்டத்தைக் காட்டினான்.

இத்தனை வருடம் சொல்லி வந்த பதில் இப்போது அவரிடம் இல்லை. மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்று இனிமேல் சொல்ல முடியாது. இருக்கிறது, எடுக்கலாம், எல்லோருக்கும் தெரியும். இல்லை என்றால் மனசு இல்லை என்றுதான் அர்த்தம்.

மூன்று மாதத்தில் அவர் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டவற்றை மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்தார். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். கூட்டினால் 41 லட்சம்.

"என்னங்க, அங்க இருந்தவரைக்கும் எடுக்க முடியாதுன்னு சொன்னீங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. இப்ப எடுக்க முடியும்கிறதுக்காக எடுத்துக் கொடுத்துடணுமா?"

"வாசல்ல வந்து நிக்கிறாங்க. எப்படி இல்லைங்கிறது?"

"அங்க உங்களுக்காக இல்லைன்னு சொல்ல ஒரு ஆபீஸ் இருந்துச்சு. இங்க நாமதான் அந்த ஆபீஸ்" என்றார் அவர் மனைவி.

சிங்கப்பூரிலிருந்து பணம் மட்டும்தான் வந்தது. அதைக் காத்த பூட்டு அங்கேயே தங்கிவிட்டது. அங்கே 65 வயதில் அவருக்கு மாதம் ஆயிரம் டாலரை ஒட்டி ஏதோ ஒரு தொகை, சாகும்வரை, யாரும் கைவைக்க முடியாதபடி வந்திருக்கும். இங்கே அது மொத்தமாகக் கையில் இருக்கிறது. மாதச் சம்பளமாக அதை மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு.

மூன்று கணக்கு

மனைவிக்கு சிங்கப்பூர் முறையில் பிடித்தது, பணத்துக்குப் பெயர் வைத்துப் பிரிப்பது. "மெடிசேவ்னு ஒதுக்கினது வைத்தியத்துக்குத்தான். ஊருக்கு வந்ததும் அதுக்குப் பேரை மாத்தாதீங்க" என்றார். அவர் கணக்கில் மெடிசேவ் பங்கு மட்டும் சுமார் 36 லட்சம் ரூபாய் இருந்தது.

அதனால் வைத்தியத்துக்கு 35 லட்சம் தனியாகப் போனது. அது வீண் பயம் இல்லை. அட்டையைக் கொடுத்ததோடு சிங்கப்பூரின் 'மெடிஷீல்டு லைஃப்' காப்பீடும் முடிந்துவிட்டது. இங்கே புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை போன்ற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அது மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2024 முதல் விதி. அந்த மூன்று வருடத்தில் சர்க்கரையால் ஏதாவது வந்தால் கைக்காசுதான். ஊருக்குத் திரும்புகிறவர்கள், முடிந்தால் திரும்புவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே இங்கே ஒரு பாலிசியைத் தொடங்கிவிடுவது நல்லது. இவர்களுக்கு அது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

வீட்டைப் பழுதுபார்க்க 8 லட்சம். மாடி கட்டும் யோசனையை மனைவி அடித்துவிட்டார், இரண்டு பேருக்கு எதற்கு மாடி என்று. மாதச் செலவுக்கான அசலாக 80 லட்சம். இதுதான் அவர்களுடைய பென்ஷன்.

80 லட்சத்தில் 15 லட்சம் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில், இருவர் பெயரிலும். கூட்டுக் கணக்குக்கு அதுதான் உச்சவரம்பு. 7.4 சதவிகிதத்தில் மாதம் 9,250 ரூபாய் வருகிறது. மீதி பல வங்கிகளில் டெபாசிட். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் எவ்வளவு இருந்தாலும் காப்பீடு 5 லட்சம் வரைதான் என்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், வட்டியும் கூடுதல், ஆனால் பொதுவாக 60 வயது ஆக வேண்டும். அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதனால் 30 லட்சத்தை மூன்று வருட டெபாசிட்டாகப் போட்டிருக்கிறார், 60 ஆகும்போது கைக்கு வரும்படி.

80 லட்சத்துக்கு 7 சதவிகிதம் என்று வைத்தாலும் மாதம் 46,000 ரூபாய்க்குமேல் வட்டி. அவர்கள் எடுப்பது 35,000. மிச்சம் அசலோடு சேர்கிறது. விலைவாசிக்கான பங்கு அது.

இதற்கு மேல் மனைவி செய்த ஒரு காரியம்தான் உண்மையான பூட்டு. வங்கியில் கூட்டு டெபாசிட் போடும்போது 'இருவரில் ஒருவர்' எடுக்கலாம் என்றும் போடலாம், 'இருவரும் சேர்ந்து' என்றும் போடலாம். பெரும்பாலும் எல்லோரும் முதலாவதைத்தான் போடுவார்கள். பென்ஷன் டெபாசிட்டுகளை இவர்கள் இரண்டாவது முறையில் போட்டார்கள். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்க முடியும். வைத்தியப் பணத்தை மட்டும் ஒருவர் கையெழுத்திலேயே எடுக்கும்படி வைத்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அவருடைய கையெழுத்துக்காக இன்னொருவர் அலையக் கூடாது இல்லையா?

சி.பி.எஃப்-பில் வாரிசுதாரரைத் தனியாகப் பதிய வேண்டும், உயில் அந்தப் பணத்துக்குச் செல்லாது. அந்தப் பழக்கத்தில், இங்கேயும் ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் மகள் பெயரை நாமினியாக எழுதிவிட்டார்கள். கூடவே ஒரு உயிலும். நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர்தான், உரிமை யாருக்கு என்பதை உயிலும் வாரிசுச் சட்டமும்தான் தீர்மானிக்கும்.

டை கட்டிய பையனின் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதுவும் பூட்டுதான், ஆனால் சாவி அவர்களிடம் இருக்காது.

அக்காவுக்கு ஐந்து லட்சம்

இனி பதில் சொல்லும் வேலை. தம்பியிடம் அவரே போய்ச் சொன்னார். "பணம் ரெண்டு பேர் கையெழுத்துல டெபாசிட்ல கிடக்குடா. நான் மட்டும் நினைச்சா எடுக்க முடியாது." தம்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "டெபாசிட்டை உடைச்சா வட்டி போயிடும் தம்பி. எங்களுக்கு இதுதான் சம்பளம்" என்றார். தம்பி காபியைக் குடித்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு பொங்கலுக்கு வந்தார்.

கோபுர உபயம் ஒரு நாள் அன்னதானமாகச் சுருங்கியது. மச்சான் இன்னும் அந்த மனையைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

எதுவுமே கேட்காதவர் ஒருவர் இருந்தார், அக்கா. 28 வருடம் முன்பு அடகு வைத்த சங்கிலியை இரண்டே வருடத்தில் அவர் மீட்டுக் கொடுத்துவிட்டார். ஆனாலும் அந்தக் கடன் தீர்ந்ததாக அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. அக்காவுக்கு இப்போது 68 வயது. கணவர் இல்லை. முதியோர் உதவித்தொகையையும் நாலு ஆட்டையும் வைத்துக் காலம் போகிறது.

நோட்டில் இருந்த பெயர்களை எல்லாம் அடித்த மனைவியே, கடைசியில் அக்கா பெயரை எழுதி 5 லட்சம் என்று போட்டார். அதை மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒரே வாரத்தில் அக்கா மகன் கைக்குப் போய்விடும் என்று இருவருக்குமே தெரியும். அக்கா பெயரில் டெபாசிட் போட்டு, வட்டி மாதாமாதம் அவருடைய கணக்கில் விழும்படி செய்தார்கள். கூடப்பிறந்தவர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வாங்குகிறவர் வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் அதிலும் சிக்கல் இல்லை.

"எனக்கெதுக்கு தம்பி இதெல்லாம்? உன் பொண்டாட்டி பேருல போடு. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அவ என்ன பண்ணுவா?" என்றார் அக்கா.

"அவதான்க்கா போடச் சொன்னா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

பேத்தி கணக்கு

138 லட்சத்தில் 128 லட்சத்துக்குக் கணக்கு ஆகிவிட்டது. மிச்சம் 10 லட்சம். இதற்கு அவர்தான் பெயர் வைத்தார், பேத்தி கணக்கு. விசா, விமான டிக்கெட், போகும்போது வாங்கிப்போகிற பட்டுப் பாவாடை, தேன்குழல் டின் எல்லாம் இதிலிருந்து. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு, நாலு மணி நேரப் பயணம். வருடம் ஒரு தடவை என்றால் பல வருடம் வரும்.

முதல் தடவை போனபோது சாங்கி விமான நிலையத்தில், பழக்க தோஷத்தில், அங்கேயே வசிப்பவர்கள் போகும் வாசல் பக்கம் நடந்துவிட்டார். மனைவி கையைப் பிடித்து வெளிநாட்டுக்காரர்கள் வரிசைக்கு இழுத்து வந்தார். வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தி குதித்துக்கொண்டிருந்தாள். அந்த அரை மணி நேரம்தான் அட்டையைக் கொடுத்ததற்கான விலை என்று அவருக்குத் தோன்றியது. அது எந்த டாலர் கணக்கிலும் வராத விலை.

மகளுக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. அம்மா அப்பாவுக்கு வயதாக ஆக விசா எடுத்து வருவது எத்தனை வருடம் நடக்கும் என்று கேட்கிறாள். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. ஓய்வுக்காலப் பணத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றலாம். பிள்ளைகளை அப்படி மாற்ற முடியாது. நிரந்தரமாகத் திரும்புவதற்கு முன் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டியது வட்டி விகிதத்தைவிட இதைத்தான்.

ஊரில் இப்போது ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி அவருடைய போனில் குறுஞ்செய்தி வருகிறது. 35,000 ரூபாய் வரவு. சிங்கப்பூரில் சம்பளம் போட்டால் வந்த மாதிரியே. உடனே மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அவர் நோட்டை எடுத்து அந்த மாதத்துப் பக்கத்தில் தேதியும் தொகையும் எழுதுகிறார். பிறகு மளிகைச் சாமான் பட்டியலை நீட்டுகிறார்.